கத்தியும் கதிரும்

வானொலிக்கு இன்று வழங்கும் 'ஆகாசவாணி' என்னும் பெயர் மைசூரில் வேர்கொண்டது என்பதைப் பலரும் அறிவர். அங்கே மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி என்பார் 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தார். அந்நிலையத்திற்கு வழங்கிய பெயரே பின்னர் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. கண்ணுக்குப் புலனாகாத அலையொன்றை வீட்டுக்குள் வரவேற்ற அதே நகரத்தில், இந்நாளில் மற்றோர் அலையைத் தோலின்மேல் பாய்ச்சி முடியைக் களைகின்றனர். லேசர் என்பது அதன் பெயர். வானொலி அலையும் லேசர் கதிரும் ஒரே மின்காந்தக் குடும்பத்தின் உறுப்பினர்களே. எனினும் ஒன்று செவியோடு நிற்பது, மற்றொன்று மேனியைச் சுட வல்லது.

மைசூரின் கடைத்தெருக்களில் இச்சிகிச்சையை அறிவிக்கும் பலகைகளை நாம் காண்கிறோம். சிலவற்றில், இத்தொழிலுக்குப் பயிற்சியும் அளிக்கப்படும் என்று இரண்டாம் வரி ஒன்றும் காணப்படுகிறது. முதல் வரியை ஒரு வீட்டின் தாய் படிக்கிறாள். இரண்டாம் வரியை வேலை தேடும் மகள் படிக்கிறாள். பிழைப்பின்பொருட்டு மொழி எல்லையைக் கடந்து வந்து குடியேறிய நம்மவர் குடும்பங்களில் இவ்விருவரும் உண்டு. நாம் இங்கே ஆராயப் புகுவது பெரிதும் அவ்விரண்டாம் வரியையே. முடியைக் களையும் கருவி காலந்தோறும் மாறியிருக்கிறது. கருவியைப் பிடிக்கும் கை எவ்வளவு பழக்கப்பட்டது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

முடி நீக்கம் ஒப்பனைக் கலையில் பிறந்தது என்று கருதுவோர் பலர். நம் நாட்டின் ஏடுகளை நோக்கினால் அது மருத்துவத்திலும் உரிய இடம் பெற்றிருந்தமை தெளிவாகும். புண்ணை ஆற்றுதற்குரிய அறுபது வகைச் செயல்களைச் சுசுருத சங்கிதை தொகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று, புண்ணைச் சூழ்ந்து நின்று அதனை ஆறவிடாமல் தடுக்கும் மயிரைக் களைதல். கத்தி, கத்தரிக்கோல், சாமணம் ஆகிய மூன்றும் அதற்குரிய கருவிகள். அவை போக, சங்கு சுட்ட பொடி இரண்டு பங்கும் அரிதாரம் ஒரு பங்கும் புளித்த காடி விட்டு அரைத்த பூச்சு ஒன்றும் கூறப்படுகிறது. அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த கனிமம். ஆதலின் இதனை எவரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டா.

பூச்சினும் நம்மைக் கவர்வது அந்நூல் கூறும் பயிற்சி முறை. மாணாக்கன் மனித உடலைத் தொடுமுன் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் வெட்டிப் பழக வேண்டும். நாளத்தைக் கீறுவதற்கு இறந்த விலங்கின் நரம்பிலும் தாமரைத் தண்டிலும் பழக வேண்டும். சுரண்டும் செயலுக்கோ, மயிர் நீக்காத தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் கைபழக வேண்டும். நூல்களை முற்றக் கற்றவனாயினும் கைப்பழக்கம் இல்லாதவன் செயலுக்கு உரியவன் அல்லன் என்பது அந்நூலின் துணிபு. இந்நூலைப் பயிற்றும் ஆயுர்வேதக் கல்லூரி மைசூரில் 1908ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது.

தமிழகத்தில் இப்பயிற்சி குலத்தொழிலாய் நின்றது. சிகை திருத்துவோரே கட்டியைக் கீறவும் புண்ணைக் கட்டவும் அறிந்திருந்தனர்; அக்குலத்துப் பெண்டிர் பேறுகாலம் பார்த்தனர். அவர்களை மருத்துவர் என்றும் மருத்துவச்சி என்றும் ஊரார் அழைத்தது வெறும் முகமன் அன்று. அறிவைக் கொண்டாடிவிட்டு, அதனை உடையாரைத் தெருக்கோடியில் நிறுத்திய நம் சமுதாயத்தின் சிறுமையையும் இங்கே சொல்லாமல் விடுதல் முறையன்று. வீட்டுக்குள் பெண்கள் கையாண்ட முறையோ மென்மையானது: கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனி இலையும் அரைத்துப் பூசினர். அதனால் முடி அடியோடு போயிற்று என்று எவரும் உறுதி கூறவில்லை. ஆயினும் மேனி வெந்தது என்ற குறையும் பெரிதாக எழவில்லை.

மின்சாரம் இவ்வரலாற்றில் புகுந்ததும் மருத்துவத்தின் வழியாகவே. அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயி நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷல், உள்நோக்கி வளைந்து விழியை உறுத்தும் இமை மயிரை, மின்னூட்டிய ஊசியால் வேரோடு அழிக்கும் முறையை 1875இல் வெளியிட்டார். ஒவ்வொரு மயிராக ஊசி செலுத்தும் பொறுமை வேண்டும் என்பதொழிய அம்முறையில் பெருங்குறையில்லை. இன்றளவும் அது நிலைபெற்றுள்ளது.

மைசூர் சமஸ்தானத்துக்கு மின்சாரம் வந்த கதை நம்மவரோடும் தொடர்புடையது. சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் ஆக்கிய மின்சாரம் 1902இல் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து முதலில் கோலார் தங்கவயலுக்கே சென்றது. அங்கே நிலத்தின் ஆழத்தில் உழைத்தோருள் தமிழர் மிகப் பலர். 1905இல் பெங்களூரும் 1908இல் மைசூரும் மின்விளக்குப் பெற்றன. பின்னர் மைசூர் மருத்துவக் கல்லூரி 1924இல் பெங்களூரில் தோன்றி 1930இல் மைசூருக்கு வந்தது. மின்சாரமும் மருத்துவமும் இவ்வாறு கைகோத்த அக்காலத்தில், உலகின் மறுகோடியில் அக்கூட்டு ஒரு கொடிய பாதையிலும் சென்றுகொண்டிருந்தது.

ரோண்ட்கென் 1895ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே வியன்னா நகரத்து மருத்துவர் லியோபோல்டு பிராய்ண்டு, முதுகில் மயிரடர்ந்த பெரிய மறுவுடைய ஐந்து வயதுச் சிறுமிக்கு அக்கதிரைப் பாய்ச்சினார். மயிர் உதிர்ந்தது, ஆனால் ஆறுதற்கரிய புண்ணும் உண்டாயிற்று. அச்சிறுமி முதுமை எய்தியபோதும் அத்தழும்பு உடலில் இருந்தது. முதல் நோயாளியின் முதுகிலேயே எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும் உலகம் அதனைப் படிக்கவில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் கெய்சர் என்னும் மருத்துவர் 'டிரைகோ' என்ற பெயரில் ஓர் எக்ஸ் கதிர்ப் பொறியை அமைத்தார். 1920களில் அப்பொறி அழகு நிலையங்களுக்கு வாடகைக்குத் தரப்பட்டது. அதனை இயக்குவோர் குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்றனர். பெண்கள் பொறியின் முன் அமர்ந்து, சிறு சாளரம் ஒன்றின் வழியே கன்னத்திலும் மோவாயிலும் கதிரை ஏற்றனர். அப்போது வலியில்லை, மயிரும் உதிர்ந்தது, எல்லாரும் மகிழ்ந்தனர். பின்னரே தோல் சுருங்கிற்று, நிறம் மாறிற்று, புண் கண்டது, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1929இல் இதனைக் கண்டித்தது. எனினும் மறைவில் இத்தொழில் மேலும் பல ஆண்டுகள் நடந்தது.

பொறியை இயக்கிய அப்பெண்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பொத்தானை அழுத்தக் கற்பித்தவர்கள் கதிரின் இயல்பை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அவர்களும் பிழைப்புக்காக அத்தொழிலுக்கு வந்தவர்களே.

லேசரை எக்ஸ் கதிரோடு ஒன்றாகக் கருதி அஞ்சுதல் தவறு. லேசர் ஒளியே, புற்றுநோயைத் தோற்றுவிக்கும் அணுக்கதிரின் இயல்பு முடி நீக்க லேசருக்கு இல்லை. தியோடர் மைமன் 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியோன் கோல்டுமன் சில ஆண்டுகளிலேயே அதனைத் தோலில் ஆராய்ந்தார். ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இருவர் 1983இல் ஒரு கொள்கையை வகுத்தனர். தக்க நிறமுடைய ஒளியைத் தக்க கால அளவில் செலுத்தினால், அதனை உறிஞ்சும் பொருள் மட்டும் வெந்து அயலிடம் தப்பும் என்பது அதன் சாரம். 1995இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் லேசர் முடி நீக்கத்துக்கு முதல் இசைவை வழங்கியது.

ஒளியை உறிஞ்சும் அப்பொருள் மெலனின் என்னும் கருநிறமி. அது மயிரிலும் உண்டு, தோலிலும் உண்டு. கருமையைக் கண்டால் பாயும் கதிருக்கு, இது மயிரின் கருமை, இது மேனியின் கருமை என்ற வேறுபாடு தெரியாது. வெண்டோலும் கருமயிரும் உடையார்க்கு இதனால் இடரில்லை. நம்மவர் நிலை வேறு. தோலின் நிறத்தை வகைப்படுத்த இன்று உலகெங்கும் வழங்கும் பிட்ஸ்பாட்ரிக் அளவை 1975இல் தோன்றியபோது வெள்ளையர் தோலையே கருதி நான்கு வகையாக நின்றது. பழுப்பும் கறுப்பும் ஐந்தாம் ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. இந்தியர் பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் வகையினர். 694 நானோமீட்டர் அலைநீளமுடைய மாணிக்க லேசர் நம் மேல்தோலைச் சுட வல்லது. ஆழ்ந்து செல்லும் 1064 நானோமீட்டர் லேசரும், 810 அளவிலான டயோடு லேசரும் வந்தபின்னரே கருமேனியருக்கு இச்சிகிச்சை பாதுகாப்பாயிற்று. அப்போதும் கால அளவு தவறலாகாது. மேல்தோல் தான் ஏற்ற வெப்பத்தைச் சுமார் 3 முதல் 10 மில்லிநொடியில் இழந்து குளிர்கிறது. மயிர்க்காலுக்கோ 40 முதல் 100 மில்லிநொடி ஆகும். அவ்விடைவெளியில்தான் சிகிச்சையின் வெற்றி நிற்கிறது. ஐ.பி.எல். என்ற மூன்றெழுத்து நம்மவர்க்குக் கிரிக்கெட்டையே நினைவூட்டும். இத்துறையில் அது பல அலைநீளங்கள் கலந்த விளக்கொளியைக் குறிக்கும். அது லேசர் அன்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு விளம்பரச் சொற்களில் ஒரு வழக்கு உண்டு. 'நிரந்தர நீக்கம்' என்று பலகைகள் கூறுகின்றன. அமெரிக்க நிருவாகம் ஒப்புக்கொண்ட சொல் 'நிரந்தரக் குறைப்பு' என்பதே. மீண்டும் முளைக்கும் மயிரின் எண்ணிக்கை நெடுங்காலம் குறைந்து நிற்பது என்பது அதன் பொருள். ஒரு மயிரும் முளையாது என்பது அன்று. வளர்ச்சிப் பருவத்தில் உள்ள மயிரே கதிருக்கு ஆட்படும் என்பதால் சில வார இடைவெளியில் பன்முறை செல்ல வேண்டும். நரைத்த மயிர் கதிருக்கு மசியாது. சிலருக்கு, சிறப்பாக முகத்திலும் கழுத்திலும், முன்னினும் மிகுதியாக முளைப்பதும் உண்டு. சினைப்பை நீர்க்கட்டி போன்ற கோளாற்றால் முகத்தில் மயிர் தோன்றினால், அதனை ஆராயாது கதிரை நாடுவது வேரை விட்டுக் கிளையை வெட்டுவதாகும். சொல்லைப் பற்றி இன்னொன்று: கன்னடத்தில் முடிக்கு வழங்கும் பொதுச்சொல் 'கூதலு'. நம் 'கூந்தல்' அதன் உடன்பிறப்பே. ஆயினும் மைசூரில் அச்சொல்லைக் கேட்கும் புதிய தமிழர் குளிரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே எண்ணுவர்.

பயிற்சிக்கு வருவோம். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2008இல் லேசர், ஐ.பி.எல். முறைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மருத்துவரே தக்க பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்று அவை கூறுகின்றன. நெடுங்காலம் கற்ற மருத்துவருக்கே இவ்விதி என்றால், சில நாள் வகுப்பில் சான்றிதழ் பெறும் பெண்ணின் நிலை என்ன? அவள் கற்க வேண்டுவன பல. வந்தவர் தோலின் வகை யாது, அண்மையில் வெயிலில் கறுத்தாரா, உட்கொள்ளும் மருந்து யாது, கருவுற்றிருக்கிறாரா என்று வினவத் தெரிய வேண்டும். சிறிதளவு இடத்தில் முதலில் சோதித்து, பொறுத்திருந்து பார்க்க வேண்டும். மறுவின்மேலும் பச்சை குத்திய இடத்திலும் கதிரைச் செலுத்தலாகாது. தனக்கும் வந்தவருக்கும் அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடியை அணிவிக்க வேண்டும்; விழித்திரை ஒருமுறை வெந்தால் மீளாது. எல்லாவற்றினும் மேலாக, தோலில் சாம்பல் நிறமோ கொப்புளமோ தோன்றும் முதற்கணத்திலேயே கையை நிறுத்தி மருத்துவரை அழைக்கும் துணிவு வேண்டும். ஆதலின், பணம் கட்டுமுன் அவள் கேட்க வேண்டிய கேள்வி, சான்றிதழில் யார் முத்திரை என்பது மட்டுமன்று. எத்தனை பேருக்கு, எவ்வகைத் தோலில், எந்த மருத்துவரின் மேற்பார்வையில் தன் கையாலேயே செய்யப் பழகுவாள் என்பதும் ஆகும்.

சிகிச்சைக்குச் செல்வோர்க்கும் ஒரு சொல். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். மைசூரில் தமிழ் அறிந்தார் எங்கும் உளர். கையொப்பமிடுமுன் அதனை வாய்விட்டு மொழிபெயர்த்துக் கூறுமாறு கேட்பதில் கூச்சம் வேண்டா. ஒவ்வொரு முறையும் செலுத்திய அலைநீளம், ஆற்றல், கால அளவு ஆகியவற்றை ஓர் அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பணிமாற்றம் நம்மவர் தலையெழுத்து. மைசூரில் தொடங்கிய சிகிச்சை புனேயிலோ போபாலிலோ தொடர நேரலாம். அங்கே பொறி வேறாக இருக்கும், இயக்கும் கையும் வேறாக இருக்கும். முன்னே உங்கள் தோல் எதனைத் தாங்கிற்று என்பதை அக்கைக்கு அறிவிக்க அந்த அட்டையே உதவும்.