நிலவுக்கு நிறம் தீட்டிய கைகள்

பிரெஞ்சுக் கலைஞர் ஜோர்ஜ் மெலியே 1902ஆம் ஆண்டு ‘சந்திரனுக்குப் பயணம்’ என்னும் படத்தை உருவாக்கினார். சந்திரனின் கண்ணிலே குண்டு தைத்து நிற்கும் அக்கனவுக்காட்சியை உலகம் இன்னும் மறக்கவில்லை. ஆனால், அக்கனவுகளுக்கு நிறம் எங்கிருந்து வந்தது? படச்சுருளில் நிறங்கள் தாமாகப் பதியாத காலம் அது. பாரிஸ் நகரில் எலிசபெத் துய்லியே நடத்திய பட்டறையில் ஏறத்தாழ 200 பெண்கள், ஆளுக்கொரு நிறமாக, ஒவ்வொரு சிறு படத்தையும் தூரிகையால் தீட்டினர். மெலியேயின் படங்கள் பல அங்கேதான் நிறம் பெற்றன. அவர் பெயர் நிலைத்தது. அப்பெண்களின் பெயர்களை யார் அறிவார்?

ஹட்டன், நுவரெலியா மலைகளில் வாழும் எமக்கு இஃது அந்நியக் கதையன்று. இலங்கைத் தேயிலையின் பெயர் உலகெங்கும் மணக்கிறது. கொழுந்து பறித்தவளின் பெயரோ எந்தப் பெட்டியிலும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கிற்று. ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் அவளுக்குக் கிட்டியதே 1984இல்தான்.

1993இல் பார்சிலோனாவிற் கிடைத்த, கையால் நிறந்தீட்டிய பிரதியொன்று செப்பனிடப்பெற்று, 2011இல் கான் திரைப்பட விழாவிலே மீண்டும் ஒளிர்ந்தது. தீட்டியோர் மறைந்தனர்; உழைப்பு மறையவில்லை. எம் மாணவர்க்கு அந்நிலவைக் காட்டுவோம். அதற்கு நிறமூட்டிய கைகளையும் கூடவே காட்டுவோம். தம் அன்னையரின் கைகளை அவர்கள் அங்கே அடையாளங் காண்பர்.