சாவிப் படமும் குக்கியும்

நெட்ஸ்கேப் நேவிகேட்டர் பிரவுசரின் ஆரம்பகாலப் பதிப்புகளில், திரையின் இடது கீழ் மூலையில் ஒரு சின்னச் சாவிப் படம் இருக்கும். சாதாரணப் பக்கங்களில் அந்தச் சாவி இரண்டு துண்டாக உடைந்து கிடக்கும். கிரெடிட் கார்டு எண் கேட்கும் பாதுகாப்பான பக்கத்துக்குப் போனதும் துண்டுகள் சேர்ந்து முழுச் சாவியாகிவிடும். சாவிக்கு ஒரு பல் என்றால் சங்கேதம் சுமார் ரகம். இரண்டு பல் என்றால் உறுதியான ரகம். பின்னாளில் எல்லோருக்கும் பழகிப்போன பூட்டுப் படத்துக்கு முன்னோடி இதுதான்.

அந்த பிரவுசர் உருவான 1994-ஆம் ஆண்டில், அதே கம்பெனியில் இன்னொன்றும் பிறந்தது. அதற்குப் படம் கிடையாது. அது வேலை செய்துகொண்டிருப்பதை பிரவுசர் யாருக்கும் சொல்லவும் இல்லை. குக்கி என்று அதற்குப் பெயர். சாவி, வாடிக்கையாளரின் கார்டு எண்ணை வழிப்பறியிலிருந்து காத்தது. குக்கி, அந்த வாடிக்கையாளரையே கடைக்கு அடையாளம் காட்டியது. இணைய வணிகத்தின் முப்பதாண்டு வரலாற்றில் முதலாவதைப் பலப்படுத்தப் பெரும் உழைப்பு செலவானது. இரண்டாவதைக் கட்டுப்படுத்தும் பேச்சு தள்ளிப் போடப்பட்டுக்கொண்டே வந்தது.

1994 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து நாஷுவா ஊரில், 21 வயது டேனியல் கோன் நடத்திய நெட்மார்க்கெட் என்ற கடை, பாடகர் ஸ்டிங்கின் சிடி ஒன்றை விற்றது. விலை 12 டாலர் 48 சென்ட். அனுப்பும் செலவு தனி. பிலடெல்பியாவில் இருந்த நண்பர் ஒருவர் தன் கார்டு எண்ணைச் சங்கேதமாக்கி இணையம் வழியே அனுப்பினார். மறுநாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதைச் செய்தியாகவே வெளியிட்டது. இணையத்தில் ஒரு தகவல் பல கணினிகளைத் தாண்டித்தான் போய்ச் சேரும். இடையில் இருப்பவர் படித்துவிட முடியும். அந்த அச்சம் நீங்காமல் கடை திறந்து பயனில்லை என்ற நிலையில்தான், பன்னிரண்டு டாலர் சொச்சத்துக்கு நடந்த ஒரு விற்பனை நாளிதழில் இடம் பிடித்தது.

அந்த விற்பனைக்குப் பயன்பட்ட பிஜிபி என்ற மென்பொருளை 1991-இல் எழுதிய பில் ஜிம்மர்மன் மீது, சரியாக அந்த நேரத்தில் அமெரிக்க அரசின் குற்ற விசாரணை நடந்துகொண்டிருந்தது. உறுதியான சங்கேத முறைகளை ஆயுதங்களின் பட்டியலில் வைத்திருந்தது அந்நாட்டுச் சட்டம். அனுமதியில்லாமல் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது ஆயுதக் கடத்தலுக்குச் சமம். 1996 ஜனவரியில்தான் விசாரணை கைவிடப்பட்டது.

நெட்ஸ்கேப்பின் சாவிக்கு ஒரு பல், இரண்டு பல் என்ற பேதம் வந்ததற்கும் இதே சட்டம்தான் காரணம். அமெரிக்கர்களுக்கு 128 பிட் சங்கேதம். மற்ற நாடுகளுக்கு 40 பிட். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, இங்கு வரக்கூடியதாக இருந்தது ஒற்றைப் பல் சாவிதான்.

ஒற்றைப் பல் சாவி எவ்வளவு தாங்கும் என்பது அதே மாதம் தெரிந்துபோனது. 40 பிட் என்றால் சுமார் 1,10,000 கோடி சாவிகள் சாத்தியம். பிரான்ஸில் தாமியன் தொலிஜே என்ற ஆராய்ச்சியாளர், வேலையில்லாமல் சும்மா இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கணினிகளை இணைத்து, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்க வைத்தார். எட்டே நாளில் சரியான சாவி கிடைத்துவிட்டது. அடுத்த மாதமே இரண்டு பல் சாவிக்கும் சோதனை வந்தது. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் இருவரும், நெட்ஸ்கேப் தன் ரகசியச் சாவியை எதிலிருந்து உருவாக்குகிறது என்று துருவினார்கள். கணினியின் கடிகாரம் காட்டும் நேரம், அப்போது ஓடும் நிரலின் எண், அதைத் தொடங்கிவைத்த நிரலின் எண் ஆகிய மூன்றும்தான் மூலப்பொருள். மூன்றும் ஊகிக்கக் கூடியவை. அதே கணினியில் கணக்கு வைத்திருப்பவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. நெட்ஸ்கேப் உடனே திருத்தம் வெளியிட்டது. வெளியாட்கள் உடைத்துக் காட்ட, கம்பெனி சரிசெய்ய, சங்கேதம் இப்படித்தான் உரமேறியது. 2000-ஆம் ஆண்டு ஏற்றுமதித் தடையும் பெருமளவு தளர்ந்தது.

வழி பத்திரமானது. சரக்கு போய் இறங்கும் கிடங்கு பத்திரமாகவில்லை. 2000 ஜனவரியில் சிடி யுனிவர்ஸ் என்ற இணையக் கடையின் வாடிக்கையாளர் பதிவேட்டை ‘மேக்சிம்’ என்ற புனைபெயரில் ஒருவர் களவாடியது தெரியவந்தது. மூன்று லட்சம் கார்டு எண்கள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, ஒரு லட்சம் டாலர் கேட்டார். கடை மறுத்தது. ஆயிரக்கணக்கான எண்களை அவர் இணையத்தில் போட்டுவிட்டார். அந்த எண்கள் ஒவ்வொன்றையும் எந்தச் சங்கேதம் வழியில் காத்திருந்தாலும், கடையின் கணினியில் அவை மொத்தமாகக் குவிந்து கிடந்தன. கார்டு கம்பெனிகள் ஒன்றுகூடி, கடைகள் எதைச் சேமிக்கலாம், எதைச் சேமிக்கவே கூடாது என்று பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பொது விதிகளை வகுக்க 2004 டிசம்பர் ஆகிவிட்டது. கார்டின் பின்புறம் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பணம் அனுமதிக்கப்பட்ட பின் வைத்திருக்கக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று.

இனி குக்கியின் கதை. 1994 ஜூனில் நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மான்டுல்லி அதை உருவாக்கியபோது நோக்கம் நியாயமானது. ஒரு பக்கத்தில் பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்தவர் யார் என்றே கடை மறந்துவிடும்; இணையத்தின் அமைப்பு அப்படி. வாங்குபவரின் கணினியிலேயே ஒரு சிறு குறிப்பை எழுதி வைத்துவிட்டால் கூடை காலியாகாது. ஆனால் அத்தகைய குறிப்பைக் கடை மட்டுமல்ல, கடையின் பக்கத்தில் விளம்பரம் வைத்தவரும் எழுதலாம், பத்துக் கடைகளில் விளம்பரம் வைத்தால் பத்திலும் படிக்கலாம் என்பது சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டது. 1996 பிப்ரவரியில் ‘பைனான்சியல் டைம்ஸ்’ எழுதிய பிறகே பொதுமக்களுக்குக் குக்கி என்று ஒன்று இருப்பது தெரிந்தது. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப், இத்தகைய மூன்றாம் நபர் குக்கிகளை பிரவுசர்கள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்று 1997-இல் எழுதி வைத்தது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அதைப் பின்பற்றவில்லை.

2000 செப்டம்பரில் அமேசானில் டிவிடி வாங்கிய சிலர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். குக்கியை அழித்துவிட்டுத் திரும்பப் போனால் அதே டிவிடியின் விலை குறைந்திருந்தது. ஆளைப் பார்த்து விலை வைக்கவில்லை, சீரற்ற முறையில் செய்த விலைப் பரிசோதனை என்றது அமேசான். 6,896 பேருக்கு, சராசரியாக 3 டாலர் 10 சென்ட் வீதம் பணத்தைத் திருப்பியும் கொடுத்தது.

அதே ஆண்டு டாய்ஸ்மார்ட் என்ற பொம்மைக் கடை திவாலானது. வாடிக்கையாளர் விவரங்களை யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று வாக்களித்திருந்த கடை அது. கடனை அடைக்க விற்பனைக்கு வந்த சொத்துகளில் அந்த வாடிக்கையாளர் பட்டியலும் இருந்தது. பெயர், முகவரி, வாங்கிய பொருள், குழந்தைகளின் பிறந்தநாள் எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் வழக்குப் போட்டது. கடைசியில் டிஸ்னியின் துணை நிறுவனம் ஒன்று 50,000 டாலர் கொடுக்க, பட்டியல் அழிக்கப்பட்டது.

இந்தியாவில் பாதுகாப்புக்கு வேறொரு பாதை அமைந்தது. 2002-இல் ஐஆர்சிடிசி இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. கார்டில் அச்சிட்டிருக்கும் விவரத்தை மட்டும் நம்பிப் பணம் எடுக்கக் கூடாது, கார்டில் இல்லாத ஒரு ரகசியத்தையும் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். முதலில் பாஸ்வேர்டாக இருந்த அந்த ரகசியம் பிறகு ஓடிபி ஆனது. பணம் பாதியில் நின்றுபோகிறது என்று கடைகள் புலம்பின. 2010-இல் பிளிப்கார்ட், பொருள் கைக்கு வந்ததும் பணம் என்ற வழியைத் திறந்தது. ஓடிபி இல்லாமலே கட்டணம் எடுத்துவந்த ஊபர் போன்றவற்றின் வழியை 2014-இல் ரிசர்வ் வங்கி அடைத்தது. 2022 அக்டோபர் 1 முதல், கடைகள் கார்டு எண்ணைச் சேமிப்பதே தடை செய்யப்பட்டது. கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். எண்ணுக்குப் பதில் டோக்கன் என்ற மாற்றுக் குறியீடு.

இது பெரிய சாதனை. ஆனால் கார்டு எண்ணுக்குக் கிடைத்த இந்தக் கண்டிப்பு மற்ற விவரங்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டு வாசலில் வந்து இறங்கும் பார்சலின் சீட்டைப் பார்த்தாலே போதும்: பெயர், கதவு எண், தெரு, பெரும்பாலும் கைபேசி எண். “உங்கள் ஆர்டர் எண் இது, நீங்கள் வாங்கிய மிக்ஸிக்குப் பரிசு விழுந்திருக்கிறது” என்று பேசும் மோசடிக் குரல், வாங்கியதை அப்படியே சொல்வதால்தான் நம்பிக்கையைப் பெறுகிறது. ஓடிபியைக் கேட்டதும் பலர் தாங்களே படித்துக் காட்டுகிறார்கள். வாங்கியவரின் அந்தரங்கம் கசிந்தால் பணத்தின் பாதுகாப்பும் கூடவே போகிறது. இரண்டையும் தனித்தனி இலாகாவாக வைத்தது 1994-இல் தொடங்கிய பிழை.

2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேலை முடிந்த விவரத்தை அழித்துவிட வேண்டும் என்கிறது அது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இரண்டு கோடிக்குக் குறையாத பயனாளர்கள் உள்ள இணையக் கடைகள், மூன்று ஆண்டுகள் எட்டிப் பார்க்காத வாடிக்கையாளரின் விவரங்களை அழிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒரு ஜோடி செருப்பு வாங்கியவரின் முகவரி மூன்றாண்டுகள் எதற்குக் கிடங்கில் இருக்க வேண்டும் என்ற கேள்வியையும், சிறிய கடைகளுக்கு என்ன காலக்கெடு என்ற கேள்வியையும் வாங்குபவர்கள் இப்போதே உரக்கக் கேட்க வேண்டும். கார்டு எண்ணைச் சேமிக்காமல் வியாபாரம் படுத்துவிடும் என்று 2022-க்கு முன்பு கடைகள் வாதாடின. தடை வந்த பின்பும் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.