கதவோரக் கண்ணாடி வந்த கதை

உங்கள் வாசற்கதவை ஒட்டி, கை எட்டும் தூரத்தில் கண்ணாடிப் பலகை இருக்கிறதா? இருந்தால் இதைப் படித்ததும் அதன் மூலைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விழுப்புரம், திண்டிவனம் பழைய தெருக்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. திண்ணை வைத்த வீடுகளில் ஜன்னல் என்றால் மரக்கதவும் இரும்புக் கம்பியும்தான். பிறகு ஜன்னல் கதவில் கண்ணாடி ஏறியபோதும் கம்பி உள்ளேயே நின்றது. ஓடிவரும் பிள்ளை மோதினால் கம்பியில்தான் மோதும். கதவுக்குப் பக்கத்தில் கம்பியே இல்லாமல் ஆளுயரக் கண்ணாடி வைப்பது நமக்குப் புதுப் பழக்கம்.

கதவோரம் ஏன் ஆபத்து? அவசரத்தில் தள்ளும் கை குறி தவறும். காற்றில் கதவு அறைந்து சாத்தும். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் இரவைக் கழித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாதாக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகச் சிதறும். மணிக்கட்டில் பட்டால் ரத்தக்குழாயே அறுந்துபோகும்.

1903இல் பிரான்ஸில் எட்வார் பெனடிக்டஸ் என்பவரின் குடுவை ஒன்று கீழே விழுந்து விரிசல் விட்டது, சிதறவில்லை. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொண்டது. இன்றைய லேமினேட்டட் கண்ணாடியின் தொடக்கம் அதுதான். டஃபன்டு கண்ணாடி வேறு வகை: 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர்விப்பார்கள். உடைந்தால் கற்கண்டு போலப் பொடித்துண்டுகளாகும். ஆனால் பிறகு வெட்ட முடியாது. அளவெடுத்துத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

இரண்டும் முதலில் காருக்குத்தான் அதிகம் போயின. வீட்டுக்கு வரத் தாமதமாயிற்று. 1977இல் அமெரிக்கா கண்ணாடிக் கதவுகளுக்கு விதி செய்தது. இங்கிலாந்தின் 1992 விதி, கதவின் இருபுறமும் 300 மில்லிமீட்டர், தரையிலிருந்து 1500 மில்லிமீட்டர் வரை ஆபத்தான இடம் என்றது. நம் நாட்டில் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் கண்ணாடிக்கென்றே தனிப் பகுதி உண்டு. பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை 2020இல் மத்திய அரசு பிறப்பித்தது. என்ன பயன்? அந்த ஆணை பாதுகாப்புக் கண்ணாடியின் தரத்தைப் பற்றியது. சாதாக் கண்ணாடியை வாங்கிக் கதவோரம் மாட்டுகிற நம் கையை அது பிடிக்காது.

எங்கள் வீட்டுப் பலகையின் நான்கு மூலையிலும் தேடினேன். ஐ.எஸ் 2553 என்ற எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. மாற்றும்வரை பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டி, இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு மரச்சட்டம் அடித்து வைத்திருக்கிறேன்.