பட்டையை உரித்தும் மரத்தைக் காத்த கதை

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் நடுவட்டம் வரும். இன்று அங்கே தேயிலையைத்தான் பார்க்கிறோம். ஒரு காலத்தில் அது மலேரியாவுக்கு மருந்து விளைந்த மலை.

அந்த மருந்து கொயினா. அது சிங்கோனா மரத்தின் பட்டையில் இருக்கிறது. மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காடுகள். அங்கே மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பட்டை உரித்தார்கள். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியே, காவந்து இருவரும் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்த பிறகு தேவை பல மடங்கு ஏறியது. காடு எத்தனை நாள் தாங்கும்?

இந்தியாவில் காய்ச்சலால் தவித்த ஆங்கில அரசு, சிங்கோனாவை இங்கேயே வளர்க்க முடிவு செய்தது. கிளெமன்ட்ஸ் மார்க்கம் அந்தப் பணிக்குத் தலைமை தாங்கினார். ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் 1860இல் எக்வடாரில் சேகரித்த செம்பட்டைச் சிங்கோனா நீலகிரியில் நன்றாக வேர்பிடித்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது.

இங்கேதான் மெக்கைவர் வருகிறார். ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய அதே மெக்கைவர். வருடக்கணக்கில் வளர்த்த மரத்தை ஒரே அறுவடைக்காக வெட்டுவானேன் என்று யோசித்தார். பட்டையை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக உரித்தார். இரண்டு கீற்றுகளுக்கு நடுவே ஒரு கீற்றை விட்டுவைத்தார். உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். கொஞ்ச காலத்தில் அங்கே புதுப்பட்டை வளர்ந்தது. அதில் கொயினா முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது!

காரணம் எளிது. இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். விட்டுவைத்த கீற்றுகள் அந்த வழியைத் திறந்து வைக்கின்றன. பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய கேம்பியம்தான் புதுப்பட்டையைப் படைக்கிறது. அது காயாமல் காப்பதே பாசியின் வேலை.

எல்லா இடத்திலும் இந்த முறை பலிக்கவில்லை. சில ஊர்களில் பாசிக்கடியில் எறும்பு புகுந்தது. ஆள்கூலியும் அதிகம். ஜாவாவில் டச்சுக்காரர்கள் கேம்பியத்தைத் தொடாமல் மேல்பட்டையை மட்டும் சீவிப் பார்த்தார்கள். வேறு சில தோட்டங்களில் அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து துளிர்க்க விட்டார்கள். வழிகள் வேறானாலும் நோக்கம் ஒன்றுதான்: மரம் மறுபடியும் தர வேண்டும்.

இன்று நம்மிடையே மருதம்பட்டைக்கும் அசோகப்பட்டைக்கும் தேவை இருக்கிறது. சிங்கோனாவின் பாசி வைத்தியம் அவற்றுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுற்றி உரித்தால் சாகும் என்பது அவற்றுக்கும் பொருந்தும். உங்கள் ஊரில் மருந்துக்குப் பட்டை எடுக்கிறவர்களைக் கண்டால் இதைச் சொல்லுங்கள். மரத்தில் விட்டுவைக்கும் கீற்றுதான் அடுத்த அறுவடைக்கு முதல்.