வண்டற்குழியும் மழைக் கணக்கும்

பேராக்கில் காடழித்து இரப்பர் நட்ட தொடக்கக் காலத்தில், மரத்தடியில் புல்லும் தலைகாட்டலாகாது என்பதே துரைமார் கொள்கை. வெறுமண்ணை மழை அரித்தது. ஓடும் நீரையும் மண்ணையும் பிடிக்கத் தமிழ்த் தொழிலாளர் சரிவுகளில் வண்டற்குழிகள் வெட்டினர்.

குழி எவ்வளவு பெரிதாதல் வேண்டும்? ஒரு ஹெக்டர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 250 கன மீட்டர் நீர். அத்தனையும் ஓடிவருமாயின், ஒரு மீட்டர் ஆழக் குழிகள் அந்நிலத்தில் நாற்பதில் ஒரு பங்கைக் கொள்ளும். ஆயினும் பரப்பளவு மட்டுமே கணக்கன்று. பரப்பின் தன்மையும் கணக்கே. பின்னாளில் மூடுபயிர் படர்ந்த தோட்டங்களில் நிலமே நீரை உறிஞ்சிற்று. குழியின் சுமை குறைந்தது.

இன்று ஈப்போவைச் சூழ்ந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கூரையும் தார்ச்சாலையும் நீரைக் குடிப்பதில்லை. பழைய அளவு அங்கே செல்லாது. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கையேடு 2001 முதல், மழைநீரை விழுந்த இடத்தருகிலேயே தேக்கவும் ஊறவைக்கவும் கணக்கிடச் சொல்கிறது. களிமண்ணில் ஊறல் மெல்லவே நிகழும்; அடுத்த மழையோ மறுநாள் மாலையே வந்துவிடும். வண்டல் வாராத குழி, வரைபடத்தில் எத்துணைப் பெரிதாயினும், நிலத்தில் சிறியதே. தோட்டத்தில் அவ்வேலைக்கு மண்வெட்டியோடு ஆள் இருந்தது.