புதிய மின்னஞ்சல் முகவரிக்கு நற்பெயர் சேர்ப்பது

சமூக அமைப்பு ஒன்று சொந்த டொமைன் பெயரில் புதிய மின்னஞ்சல் முகவரி தொடங்கி, முதல் நாளே 2,000 உறுப்பினர்களுக்குத் தீபாவளி அழைப்பை அனுப்பினால், பெரும்பகுதி ‘ஸ்பேம்’ எனும் குப்பைப் பெட்டியில் விழக்கூடும். முன்வரலாறு இல்லாத முகவரியிலிருந்து திடீரெனக் குவியும் அஞ்சல்களை ஜிமெயில் போன்ற சேவைகள் சந்தேகிக்கின்றன.

முதல் வேலையாக, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளை டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் சேர்க்கவேண்டும். அஞ்சல் உண்மையிலேயே அந்த அமைப்பிடமிருந்து வந்ததா என்பது இவற்றைக் கொண்டே சரிபார்க்கப்படுகிறது.

பிறகு செயற்குழுவினர், தொண்டூழியர்கள் என, திறந்து படித்துப் பதில் எழுதக்கூடிய சிலரிடம் தொடங்கி, சில வாரங்களில் எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டலாம். அஞ்சல்கள் திரும்பி வந்தால் கூட்டுவதை நிறுத்திவிட்டு, செயலிழந்த முகவரிகளை நீக்கவேண்டும்.

பெரும்பாலும் காலை வாருவது பழைய பட்டியல்தான். பல ஆண்டுகளுக்குமுன் பதிந்தவர் அமைப்பையே மறந்து, ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்திவிடுவார். இத்தகைய புகார் 0.3 விழுக்காட்டை, அதாவது 1,000 அஞ்சலுக்கு மூன்றை, எட்டவே கூடாது என்கிறது கூகல். விலக விரும்புவோருக்கு ஒவ்வோர் அஞ்சலிலும் வழி காட்டினால் புகார் குறையும்.

தீபாவளி அழைப்பு என்றால் புரட்டாசி பிறக்கும்போதே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.