கியர் பொக்ஸின் சத்தம் தெரிந்தவர்கள்

மலையக வரலாறு என்றதும் எல்லாருக்கும் கொழுந்துக் கூடைதான் ஞாபகம் வரும். ஸ்டோருக்குள்ளே மிசின்களை ஓடவைத்தவர்களின் கதையை யாரும் பெரிசா எழுதவில்லை. நாங்கள் அதைக் கொஞ்சம் பேசிப் பார்க்கிறோம்.

1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஆரம்பத்தில் பங்களா வராந்தாவில் மேசை போட்டு, கையாலேயே கொழுந்தை உருட்டினார்கள். 1872 இல் அவர் உருட்டும் மிசின் ஒன்றைச் செய்தார். பிறகு வில்லியம் ஜாக்சனின் ரோலர்கள் வந்தன. தண்ணீரோ எஞ்சினோ கூரையோரமாகப் போகும் நீண்ட ஷாஃப்ட்டைச் சுற்றும். அதிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு மிசினையும் இழுக்கும். சின்னக் கப்பியிலிருந்து பெரிய கப்பிக்குப் போகும்போது வேகம் குறையும். ஷாஃப்ட் நின்றால் ஸ்டோரே நின்றுவிடும்.

1950 இல் லக்சபான மின்சாரம் வந்தது. ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. மெல்ல மெல்லத்தான் மிசினுக்கு ஒரு மோட்டர், அதோடு ஒரு கியர் பொக்ஸ் என்றானது. மோட்டர் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும். ரோலருக்கு 45 சுற்று போதும். அதாவது 32 இல் ஒரு பங்கு. வேகம் கூடினால் கொழுந்து சூடேறி, தேத்தண்ணியின் ருசியே கெட்டுப்போகும்.

கியர் பொக்ஸ் திடீரென்று சாவதில்லை, முன்கூட்டியே சொல்லும். சத்தம் மாறினால் பெயாரிங்கைப் பார்க்கணும். ஒயில் பால் மாதிரி வெளுத்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மலைக்குளிரில் இது சகஜம். மூச்சுத்துளை அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, சீல் வழியாக ஒயில் கசியும். அது கொழுந்தில் பட்டால் அந்தத் தூள் வீண். ஒயில் குறைந்தாலும் சூடு, அளவுக்கு மிஞ்சினாலும் சூடு. வெண்கலச் சக்கரம் உள்ள பொக்ஸில் ஒயிலுக்குள் மஞ்சள் பொடி மினுங்கினால் பல் தேய்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று, கேட்டு, தொட்டுப் பார்த்துப் பழகியவர்கள் லயத்துக்காரர்கள். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமன்னாருக்கு ரயிலேறியவர்களோடு இந்தக் கைப்பழக்கமும் போனது.

கண்டி ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய ரோலர்களும் எஞ்சின்களும் இருக்கின்றன. மிசினைப் பாதுகாத்துவிட்டோம். அதன் சத்தம் தெரிந்தவர்கள் இன்னும் ஹட்டன், நுவரெலியா பக்கம் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். தாத்தாவோ மாமாவோ ஸ்டோரில் வேலை செய்திருந்தால், இந்தக் கிழமையே உட்கார்ந்து கேளுங்கள். போனிலாவது பதிவுசெய்து வையுங்கள்.